நான்கு நட்சத்திரமும் 'ட்ரே பியென்'னும்

மதிப்பிற்குரிய ஐயா,

மொரீஷியஸில் திரியோலேயிலிருந்து எழுதுகிறேன். வீட்டு மாடியில் ஒரு அறையை இணையத்தளம் வழியாக வாடகைக்கு விடுகிறோம். போன மாதம் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்து ஒரு தம்பதி வந்து ஐந்து நாள் தங்கினார்கள். தினமும் காலையில் ஃபராத்தா சுட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, அச்சார் (ஊறுகாய்) பாட்டிலையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நான்கு நட்சத்திரம்! கீழே 'ட்ரே பியென்' (மிக நன்று) என்று பிரெஞ்சில் பாராட்டு, ராத்திரியில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஒரு வரி. முன்பு வந்த மூன்று பேரும் ஐந்து கொடுத்திருந்தார்கள். இப்போது சராசரி 4.75. அந்தத் தளத்தில் 4.8 இருந்தால்தான் சிறப்பு முத்திரை. சிரித்துப் பேசிவிட்டு இப்படியா செய்வார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

கோபப்படாதீர்கள், அவர்கள் உங்களுக்கு நல்ல மார்க்தான் போட்டிருக்கிறார்கள். ரியூனியனில் இருப்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அங்கே மார்க் இருபதுக்கு. பத்து எடுத்தால் பாஸ். பள்ளிப் படிப்பை முடிக்கும் பக்கலோரியா தேர்வில் சராசரி 12 வந்தால் 'அசே பியென்' (ஓரளவு நன்று), 14 வந்தால் 'பியென்' (நன்று), 16 வந்தால் 'ட்ரே பியென்'. கணக்கில் இருபதுக்கு இருபது விழும், கட்டுரையில் அதைப் போட வாத்தியாருக்கு லேசில் மனசு வராது. இப்போது உங்கள் நட்சத்திரத்தை எடுங்கள். ஐந்துக்கு நான்கு என்றால் இருபதுக்கு 16. அந்த அம்மா கீழே எழுதியிருக்கும் வார்த்தையும் அதேதானே! அவர் மனசில் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் அழுத்தினார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பார்த்த மார்க் எங்கே போய்விடும்?

நம் ஊர் மார்க் மட்டும் வெளியாளுக்குப் புரியுமா என்ன. ஸ்கூல் சர்டிஃபிகேட் என்ற பள்ளித் தேர்வில் நமக்கு 1 தான் உச்சம், 9 என்றால் ஃபெயில், ஆறு பாடத்தைக் கூட்டி ஆறு வந்தால் தெருவே கேக் சாப்பிடும். எனக்கு 14 வந்தது, வீட்டில் சந்தோஷம்தான். அந்தச் சான்றிதழோடு தமிழ் படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போனேன். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துப் பார்த்தார்: 2, 2, 3, 2, 3, 2. "என்ன தம்பி, எல்லாத்துலயும் இப்படி வாங்கியிருக்கீங்க? நூத்துக்கா, பத்துக்கா?" என்று மெதுவாக, பக்கத்து மேஜைக்குக் கேட்காமல் கேட்டார். பாவம், என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். அவர் ஊரில் 35 எடுத்தால் பாஸ், 100 எடுத்தால் சென்டம் என்று வீட்டு வாசலில் பேனர் வைப்பார்கள். தாளைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் நானும் யோக்கியன் இல்லை. வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஒரு தமிழ்க் கட்டுரைக்கும் முழு மார்க் போட்டதில்லை. "மிஸ்யே, ஒரு தப்பும் இல்லையே, அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று ஒரு பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஆனால் உங்கள் வருத்தம் வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தளத்துக்கு ட்ரே பியெனும் தெரியாது, அச்சாரும் தெரியாது, நான்கு பேர் போட்ட எண்ணைக் கூட்டி நான்கால் வகுக்கும், அவ்வளவுதான். குறை இருந்தால் மட்டும் ஐந்திலிருந்து இறங்கு என்பது அதன் வழக்கம், நிஜமாகவே அசந்துபோனால் மட்டும் ஐந்துக்கு ஏறு என்பது அந்தத் தம்பதியின் வழக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது நீங்கள். இதில் நான் தளத்தைத்தான் குறை சொல்வேன், ஐந்து என்றால் என்ன அர்த்தம் என்று விருந்தாளியிடம் அது ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது சொல்லாததால் நீங்கள் சொல்லுங்கள். சாவி மாட்டும் இடத்தில் பிரெஞ்சில் ஒரு சின்ன அட்டை போதும்: "இங்கே ஐந்து என்றால் குறையில்லை என்று பொருள், பள்ளிக்கூட இருபது இல்லை." சிரித்துக்கொண்டே படிப்பார்கள். இன்னும் ஒருவர் ஐந்து போட்டாலே சராசரி 4.8 ஆகிவிடும், முத்திரைக்கான எல்லையைத் தொட்டுவிடுவீர்கள்.

அது சரி, மின்விசிறியை ஆள் வந்து பார்த்தாரா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லையே.