கார் எந்த ஊர் ஆலையில் தயாரானது என்பதால் தரம் மாறுமா?

தரம் என்பது கதவு இடைவெளி, வெல்டிங், பெயின்ட், போல்ட் இறுக்கம் எல்லாம் வரைபடத்தில் சொன்ன அளவுக்கு அமைவது. ஊரைவிட, அந்த ஆலை அளவை எவ்வளவு கறாராகச் சோதிக்கிறது என்பதே முக்கியம். முக்கியமான போல்ட்டை இத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு) என்று அளந்துதான் முடுக்க வேண்டும். குறைந்தால் கழலும், கூடினால் மரை போகும். இது சென்னையிலும் ஜெர்மனியிலும் ஒன்றே.

மதுரை ஜிகர்தண்டா மாதிரிதான். பாதாம் பிசின் இரவு முழுக்க ஊறி, பாலும் சுண்டக் காய்ந்திருந்தால் எந்தத் தெருவிலும் ருசிக்கும். அவசரப்பட்டால் அதற்குப் பேர்போன விளக்குத்தூண் பக்கத்திலேயே கெடும்.

டெலிவரி எடுக்கும்போது வெயிலில் நிறுத்திப் பாருங்கள். பானெட்டின் இருபக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயின்ட் ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகத் தெரியக் கூடாது. கதவு ரப்பரை விரலால் தடவுங்கள். பிதுங்கியிருந்தால் மழைத்தண்ணீர் இறங்கும். சென்னைப் பக்கத்து ஆலையிலிருந்து மதுரைக்கு லாரியில் சுமார் 450 கிலோமீட்டர் வருவதால் பம்பர் ஓரத்தில் கீறலும் தேடுங்கள்.

ஒரே பெயருள்ள கார் வெளிநாட்டில் கூடுதல் பாதுகாப்போடு விற்றால், அது பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டம் கேட்ட ஏர்பேக், இரும்பின் வித்தியாசம். இங்கே தயாரித்த கைகளின் குறையல்ல.