இரண்டு அங்குல ஜிஐ பைப்பை நான்கு அங்குல கிரைண்டரால் வெட்டுவது எப்படி?

கேள்வி: போர்வெல்லிலிருந்து வெளியே எடுத்த பழைய இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளைத் துண்டு போட்டு, மாட்டுக் கொட்டகைக்குத் தூணாக நிறுத்த நினைக்கிறேன். என்னிடம் இருப்பது நான்கு அங்குல கிரைண்டர். அதன் கட்டிங் வீல் பைப்பின் பாதிவரைகூட இறங்குவதில்லை. வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடான கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து அங்குல வீலைப் போட்டுக்கொள்ளும்படி பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? எந்த வீலை வாங்குவது? போர்வெல் துளைக்குள் இறக்கும் பிவிசி கேசிங் பைப் ஒன்றையும் வெட்ட வேண்டும்.

பதில்: கார்டைக் கழற்ற வேண்டாம், ஐந்து அங்குல வீலும் உங்களுக்குத் தேவையில்லை. பைப் உள்ளே வெற்றிடம் என்பதால், அதை வெட்டுவது என்றால் அதன் சுவரைச் சுற்றிலும் வெட்டுவதுதான். நீலப் பட்டை போட்ட மீடியம் வகை இரண்டு அங்குல ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் சுமார் 60 மி.மீ. இருந்தாலும் சுவரின் கனம் 3.6 மி.மீ. மட்டுமே. நான்கு அங்குல வீல், புதிதாக இருக்கும்போது, ஏறத்தாழ 25 மி.மீ. ஆழம் இறங்கும், பாதி தேய்ந்த வீலுக்குக்கூட இந்தச் சுவர் பெரிய காரியமில்லை. பைப்பைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி வெட்டினால் நான்கைந்து முறையில் துண்டு தனியே வந்துவிடும்.

ஐந்து அங்குல வீலைப் போடுவதில் உள்ள ஆபத்து எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டறைகளில் இது வழக்கமாகவே நடக்கிறது. நான்கு அங்குல வீலின் நடுத்துளை 16 மி.மீ.; ஐந்து அங்குல வீலின் துளை 22 மி.மீ.க்குச் சற்று அதிகம். இடைவெளியை வாஷரோ வளையமோ வைத்து அடைத்தால் வீல் மையத்தில் உட்காராது, அதிர்ந்துகொண்டே சுழலும். வீலை இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தகடான பிளேஞ்சும் இந்தக் கிரைண்டரில் சிறியது என்பதால், பெரிய வீலுக்கு அது தர வேண்டிய பிடிமானம் கிடைக்காது. இவ்வளவுக்கும் மேலாக, வீல் உடையும்போது சில்லுகளை உங்கள் முகத்துக்கு வராமல் தடுக்கும் ஒரே பொருளான கார்டை நீங்களே கழற்றி வைத்திருப்பீர்கள்.

பிசினால் பிணைத்து, உள்ளே கண்ணாடியிழை வலை வைத்துச் செய்த சாதாரண கட்டிங் வீல்களின் விளிம்பு வேகத்துக்கு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர் என்பது வரம்பு. இதன்படி நான்கு அங்குல வீலில் 15,300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவிலும், ஐந்து அங்குலத்தில் 12,200 அளவிலும், ஏழு அங்குலத்தில் 8,500 அளவிலும் அச்சிட்டிருப்பார்கள். வீலில் உள்ள எண், மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. 11,000 ஆர்பிஎம்மில் ஓடும் சிறிய கிரைண்டரில் ஏழு அங்குல வீலை மாட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு 103 மீட்டர் வேகத்தை எட்டும். வீலைப் பிய்த்தெறியும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அந்த விசை வரம்பு வேகத்தில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். பெரிய மெஷினில் தேய்ந்து சிறுத்த வீலைச் சின்ன மெஷினுக்கு மாற்றிப் போடுவதையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதில் அச்சிட்ட வேகம் பெரிய மெஷினுக்கு உரியது.

கடையில் இரும்புக்கான வீல் என்று கேட்டு வாங்குங்கள். லேபிளில் ‘ஏ’ என்ற எழுத்து அலுமினியம் ஆக்சைடையும், ‘பிஎஃப்’ என்பது வலை வைத்த பிசின் பிணைப்பையும் குறிக்கும். ‘சி’ என்று தொடங்கினால் அது கல், காங்கிரீட் வெட்டுவதற்கானது. கனம் 1 அல்லது 1.2 மி.மீ. போதும், மெல்லிய வீல் விரைவாக வெட்டும், சூடும் பொறியும் குறைவு, ஆனால் பக்கவாட்டு அழுத்தத்தை அது கொஞ்சமும் தாங்காது. எவர்சில்வர் கைப்பிடிப் பைப்பை வெட்டுவதானால் மட்டும், இரும்பு, கந்தகம், குளோரின் கலக்காத எஸ்எஸ் வீல் வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் பின்னால் துரு பிடிக்கும். நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தால் அதைப் படித்துப் பாருங்கள். பிசின் ஈரத்தில் வலுவிழக்கும் என்பதால், இந்த வீல்களுக்கு உற்பத்தியிலிருந்து மூன்றாண்டுதான் ஆயுள். மழைச் சாரல் படும் திண்ணையில் கிடந்த வீலை, தேதி மீதமிருந்தாலும், நான் பயன்படுத்த மாட்டேன். மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் எதற்காகவும் மாட்டக் கூடாது.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். விரிசலோ விளிம்பில் உடைப்போ உள்ள வீலை உடனே ஒடித்துப் போட்டுவிடுங்கள், வேறொருவர் எடுத்து மாட்டிவிடாமலிருக்க. புது வீலை மாட்டியதும் யாரும் எதிரே நில்லாதபடி ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

இனிப் பைப்பைப் பிடித்து வைப்பது. விபத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. பைப்பின் இரு முனைகளையும் இரண்டு கல்லின் மேல் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாக ஆக பைப் தன் எடையால் நடுவில் தொய்யும், மேல்பக்கம் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், வீல் அதில் சிக்கும். சிக்கிய நொடியில் மெஷின் உங்கள் பக்கம் உதறி எழும், இல்லையேல் வீல் நொறுங்கும். ஆகவே வெட்டும் இடத்துக்கு ஒட்டினாற்போலப் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் பைப் வைஸில் இறுக்கி, வெட்டுப்படும் துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி வையுங்கள். அப்போது வெட்டுவாய் தானாகத் திறந்துகொண்டே போகும். முழு நீளமான ஆறு மீட்டர் பைப் முப்பது கிலோ இருக்கும் என்பதால், நீட்டிய பக்கம் நீளமானால் கீழே ஒரு தாங்கல் வேண்டும், ஆனால் அது பைப்பை மேலே தூக்கிப் பிடிக்கக் கூடாது. காலால் மிதித்துக்கொண்டு வெட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நேரான விளிம்புள்ள கெட்டிக் காகிதத்தைப் பைப்பில் சுற்றி, விளிம்பு விளிம்போடு சேரும்படி இழுத்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் வெட்டு சுற்றிவந்து சரியாகச் சந்திக்கும். மெஷினை இரு கையாலும் பிடித்து, முழு வேகம் வந்த பிறகே பைப்பைத் தொட வேண்டும். முதலில் கோடு முழுவதும் லேசான தடம் போட்டுவிட்டு, அதன் பிறகு ஆழப்படுத்துங்கள். வீல் சுழலும் போக்கிலேயே மெஷினை நகர்த்தினால் அது வெட்டுவாயை விட்டுத் தாவும். எதிர்ப்போக்கில் நகர்த்தினால் கைக்குள் நிற்கும். அழுத்தம் கொடுக்க வேண்டாம், மெஷினின் எடையே ஏறக்குறையப் போதும். உங்கள் உடல் வீலுக்கு நேர்க்கோட்டில் இராமல் ஒரு பக்கமாக இருக்கட்டும். வீல் சிக்கினால் பிடித்து இழுக்காமல் சுவிட்சை அணைத்து, முற்றிலும் நின்ற பின் எடுத்துவிட்டு, வெளியிலேயே முழு வேகத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் இறக்குங்கள். வெட்டு முனையில் எழும் பிசிறைக் கட்டிங் வீலின் பக்கத்தால் தேய்ப்பவர்கள் பலர். அது அந்த வீலுக்கான வேலை அல்ல. அதற்குக் கனமான கிரைண்டிங் வீலோ அரமோ வேண்டும்.

கண்ணாடியோடு முகக் கவசமும் காதடைப்பானும் அணியுங்கள். லுங்கியும் தோளில் துண்டும் இந்த வேலைக்கு ஆகாது. வீல் அவற்றைச் சுருட்டி இழுத்துவிடும். நீங்கள் வேலை செய்யப்போவது கொட்டகையருகே என்பதால் வைக்கோலைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். பொறிகள் பல அடி தூரம் போய் விழுந்து, புகையாமல் உள்ளே கனன்று, நீங்கள் வீட்டுக்குப் போன பின் பற்றலாம். வைக்கோல் போர், தென்னோலை, டீசல் கேன் ஆகியவற்றுக்கு அருகில் வெட்டாதீர்கள். வெட்டி முடித்த பின்னும் அரை மணி நேரமாவது அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பழைய போர்வெல் பைப்பினுள் தங்கிய தண்ணீர் மெஷின்மேல் கொட்டாமலிருக்க, முன்பே சாய்த்து வடித்துவிட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுங்கள்.

தூண்களை வெல்டிங் செய்வீர்களானால், பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிச் சில அங்குலத்துக்குத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யச் சொல்லுங்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் அது வராது என்பதை நம்ப வேண்டாம்.

கேசிங் பைப்புக்குக் கிரைண்டரே தேவையில்லை. பிவிசி சூட்டில் உருகி வீலை ஒட்டிப் பிடிக்கும், அதன் புகையும் எரிச்சலூட்டும். அதே காகிதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நெருக்கமான பல்லுள்ள கைரம்பத்தால் பைப்பைத் திருப்பித் திருப்பி அறுத்து, உள்விளிம்பைக் கத்தியால் வழித்துவிடுங்கள்.