'இரண்டு மடங்கு' என்றால் எத்தனை பேர்?

கேள்வி: எனக்கு 27 வயது. குழந்தையைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறேன். 'இந்த வகை மாத்திரையால் ரத்தக்கட்டு (ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்துபோவது) அபாயம் இரண்டு மடங்கு' என்று நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். பயத்தில் தூக்கமே வரவில்லை. நிறுத்திவிடட்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தச் செய்தி 'இரண்டு மடங்கு' என்கிறதே, எவ்வளவாக இருந்தது எவ்வளவானது என்று சொன்னதா?

1995 அக்டோபரில் பிரிட்டனில் இதே கதைதான் நடந்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு அபாயம் இரு மடங்காகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பத்திரிகை, டிவி எல்லாவற்றிலும் அதே பேச்சு. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் 7,000 பேருக்கு ஒருவர் என்று இருந்தது, புதியதில் 7,000 பேருக்கு இருவர் ஆனது. கூடுதலாக ஒரே ஒருவர்! '100 சதவீதம் அதிகம்' என்றாலும் அதேதான், '7,000 பேரில் இன்னும் ஒருவர்' என்றாலும் அதேதான். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் முதலாவதைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது.

பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே விட்டுவிட்டார்கள். விரும்பாத கர்ப்பங்கள் கூடின. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று பின்னர் மதிப்பிட்டார்கள். இதில் மனசு ஆறாத விஷயம், கர்ப்ப காலத்தில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம். அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் நிதானமாக முடிவெடுத்திருப்பார்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டாக்டரிடம் போய், "என்னைப் போன்றவர்கள் பத்தாயிரம் பேர் ஒரு வருடம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எத்தனை பேருக்கு ரத்தக்கட்டு வரும்? சாப்பிடாவிட்டால் எத்தனை பேருக்கு? கர்ப்பமானால் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சதவீதத்தில் பதில் வந்தால், ஆள் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரைக்கு மாத்திரை, ஆளுக்கு ஆள் இந்தக் கணக்கு மாறும். அதனால் வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, உங்களுக்கு ரத்த அழுத்தமோ ஒற்றைத் தலைவலியோ இருந்தாலோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாத்தனாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அக்கறையில்தானே அனுப்பியிருக்கிறார்.