அத்லெடிக் டைரக்டருக்கு மார்க் போடுவது

அன்புள்ள அக்கா,

நாங்கள் பேட்டன் ரூஜில் இருக்கிறோம். மகன் இங்கே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வீட்டில் (அமெரிக்க) ஃபுட்பால் சீசன் டிக்கெட் உண்டு. 2025 அக்டோபரில் ஃபுட்பால் கோச் பிரையன் கெல்லியை நீக்கினார்கள். அவரை எடுத்தவரும், பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளையும் நிர்வகிக்கும் அத்லெடிக் டைரக்டருமான ஸ்காட் வுட்வர்டும் நாலே நாளில் வெளியேறினார். நடுவில் நீக்கியதற்காக ஒப்பந்தப்படி கெல்லிக்குத் தரவேண்டிய பாக்கி மட்டும் 5 கோடி டாலருக்கு மேல். இப்படி ஒப்பந்தம் போட்டவர் போனது சரி என்கிறேன் நான், மகன் இல்லை என்கிறான். ஃபுட்பாலில் ஜெயித்தாரா என்பதைத் தவிர ஒரு டைரக்டரை வேறு எதை வைத்து மதிப்பிடுவது? ஜிம்னாஸ்டிக்ஸையும் மல்யுத்தத்தையும் யார் பார்க்கிறார்கள்? கவர்னர் இதில் தலையிட்டது சரியா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கவர்னரை விடுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஒப்பந்தம் மோசமானது என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 10 வருடத்துக்கு சுமார் 9.5 கோடி டாலர், நடுவில் அனுப்பினாலும் பெரும்பகுதி கைக்குப் போய்விடும் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

ஆனால் "யார் பார்க்கிறார்கள்" என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயமும் அதுதான் என்பதால் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஃபுட்பாலையே எடுத்துக்கொள்வோம். 2019 சீசனில் எல்.எஸ்.யூ. 15 ஆட்டமும் ஜெயித்து, 2020 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் க்ளெம்சனை 42-25 என்று தோற்கடித்தது. அப்போது டைரக்டர் வுட்வர்ட். ஆனால் கோச் எட் ஓர்ஜரானை 2016இல் நியமித்தவர் அவருக்கு முன்னால் இருந்த ஜோ அலேவா. அந்தக் கோப்பையை யார் கணக்கில் எழுதுவீர்கள்? அதேபோல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 7.5 கோடி டாலருக்கு மேல் தரவேண்டி வந்ததையும் வுட்வர்ட் தலையில்தான் கட்டுகிறார்கள். 2017இல் அங்கே டைரக்டராக இருந்து ஃபிஷரை எடுத்தவர் அவர்தான், 10 வருடம், 7.5 கோடி என்ற ஒப்பந்தமும் அவர் போட்டதுதான். ஆனால் அதை 2031 வரை நீட்டித்து, பாக்கியை அந்த அளவுக்கு ஏற்றியது 2021இல். வுட்வர்ட் அங்கிருந்து கிளம்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருவர் நட்டதை இன்னொருவர் அறுக்கிற வேலை இது. ஒரு சனிக்கிழமை கெல்லியின் அணி ஏ அண்ட் எம்மிடம் 49-25 என்று தோற்றதை வைத்து மார்க் போட்டால் அது மார்க்கா?

இப்போது ஜிம்னாஸ்டிக்ஸ். உங்கள் ஊரில் அதைப் பார்க்கக் கூடுகிறவர்கள் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேல், தம்பி! அங்கேயே வீடு வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருக்கிறீர்கள். டி-டி ப்ரூ என்கிற அம்மா அந்த அணிக்கு 43 சீசன் கோச்சாக இருந்தார், தேசியப் பட்டம் ஒருமுறைகூட வரவில்லை. 2020இல் அவர் ஓய்வு பெற்றார், அவருடன் வேலை பார்த்த ஜே கிளார்க் பொறுப்பேற்றார், 2024இல் முதல் பட்டம் வந்தது. இடையில் வந்துபோன டைரக்டர்களில் ஒருவராவது பட்டம் வரவில்லை என்று ப்ரூவை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எந்தக் கோச்சைத் தொந்தரவு செய்யாமல் விட்டார் என்பதும் ஒரு டைரக்டரின் சாதனைதான், அதை யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு இடத்துக்குப் போவோம். ஸ்டான்ஃபோர்ட் 2020 ஜூலையில் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ ஒரே நாளில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. எல்லா விளையாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தரும் டைரக்டர்ஸ் கோப்பையை 25 வருடம் தொடர்ந்து வாங்கிய பல்கலைக்கழகம் அது. பணம் இல்லை என்றார்கள். 2021 மார்ச்சில் ஷேன் கிரிஃபித் என்கிற மல்யுத்த வீரர் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லாத கறுப்பு உடையில் இறங்கித் தேசிய சாம்பியன் ஆனார். மே மாதம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

எங்கள் குடும்ப நண்பர் மகளுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் இல்லை. வேறொரு பல்கலைக்கழகம், நீச்சல். எட்டு வயதிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளத்துக்குப் போன பெண். ஒரு வீடியோ அழைப்பில், அணி இந்த வருடத்தோடு முடிகிறது என்று டைரக்டர் எழுதி வைத்ததைப் படித்தார், கேள்வி கேட்க நேரம் இல்லை என்று முடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பெண் குளோரின் வாசனையே ஆகவில்லை என்று சொல்லிவிட்டாள். அதே கோடையில் அந்தப் பல்கலைக்கழகம் ஃபுட்பால் கோச்சின் சம்பளத்தை உயர்த்தியது. டைரக்டருக்கு அந்த வருடம் எல்லோரும் நல்ல பெயர்தான் கொடுத்தார்கள். நான் கொடுக்கமாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், வருமானம் தராத அணிகளை அவர் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். அவர்களுக்கு முழுநேர டிரெய்னர் இருக்கிறாரா, வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வந்து பரீட்சை எழுத முடிகிறதா, சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்களா. 2025-26இலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடம் எல்லோருக்குமாகச் சேர்த்து 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, என்று நீதிமன்றத் தீர்வு வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்குத்தான் போகும். மற்ற அணிகளின் கழுத்தில் கத்தி வைக்கப் பல டைரக்டர்களுக்கு இது நல்ல சாக்கு. வைக்காமல் சமாளிப்பவருக்கு நான் முழு மார்க் போடுவேன், அவர் ஃபுட்பால் அணி ஏழு ஆட்டம் தோற்றாலும் சரி.

வுட்வர்ட் காலத்தில் வந்த கிம் மல்கியும் (பெண்கள் கூடைப்பந்து, 2023 பட்டம்), பேஸ்பால் கோச் ஜே ஜான்சனும் (2023, 2025) உங்கள் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. உங்கள் மகன் ஏன் மறுத்தான் என்று அவனிடம் கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். கேளுங்கள். அப்புறம் ஜனவரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சீசன் ஆரம்பிக்கும்போது அவனையே டிக்கெட் எடுக்கச் சொல்லி, நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
அக்கா