போக ஐந்தரை மணி, வர பதினைந்தரை மணியா?

கேள்வி: என் தாயார் ஜனவரியில் முதன்முறையாக விமானம் ஏறி, லண்டனிலுள்ள தம்பி வீட்டுக்குச் செல்கிறார். காலை 5.30 மணிக்குச் சென்னையில் புறப்படும் விமானம் அன்றே 11 மணிக்கு லண்டன் சேரும் என்று டிக்கெட்டில் உள்ளது. பிப்ரவரியில் திரும்பும் விமானமோ பகல் 1 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 4.30 மணிக்குத்தான் சென்னை வருகிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இத்தனை வேறுபாடு?

- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. குளிர்காலத்தில் லண்டன் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. அங்கே காலை 11 மணி என்றால் இங்கே மாலை 4.30, ஆகவே போகும் பயணம் 11 மணி நேரம். அங்கே பகல் 1 மணி என்பது இங்கே மாலை 6.30 என்பதால், திரும்பும் பயணம் 10 மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள். அப்போது வேறுபாடு நான்கரை மணி.

மிஞ்சும் ஒரு மணி நேரத்துக்குக் காற்றே முக்கியக் காரணம். பூமி சுழல்வதால் ஊர் விமானத்தை நோக்கி வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்வதால் அது சரியன்று. விமானங்கள் பறக்கும் ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது மேலும் வலுக்கும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானத்தை 50 கி.மீ. வேகக் காற்று எதிர்த்தால் தரையளவில் 850 கி.மீ.தான் கடக்க முடியும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 950 கி.மீ. கடக்கலாம். 8,200 கி.மீ. தொலைவில் இதுவே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

அந்த 8,200 கி.மீ. என்பது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்தில் இரு ஊர்களையும் அளவுகோலால் இணைத்தால் கோடு அரபு நாடுகள் வழியாகச் செல்லும். பிள்ளைகளின் பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். அது வடக்கே ஏறிக் காஸ்பியன் கடலையும் உக்ரைனையும் கடக்கும். 2022 பிப்ரவரியில் தொடங்கிய போரால் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டதால், விமானங்கள் சுற்றிச் செல்கின்றன. தூரமும் நேரமும் கூடுகின்றன.

தாயார் வேளை தவறாமல் மாத்திரை உட்கொள்பவர் என்றால், விமானத்தில் இருக்கும் வரை கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். லண்டன் சேர்ந்தபின் வேளைகளை எப்படி மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 2.30 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் மெட்ரோ ஓடாது என்பதால், தண்டையார்பேட்டையிலிருந்து செல்ல முந்தைய நாளே வண்டி சொல்லிவையுங்கள்.