டாக்டர் ஃபீல்குட்: ஒற்றைக் கிட்டாரின் வேலை (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

பப் ராக் (எழுபதுகளில் இங்கிலாந்தின் மதுக்கூடங்களில் வாசிக்கப்பட்ட எளிய ராக் இசை) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டாக்டர் ஃபீல்குட் என்ற ஆங்கிலேயக் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். முதல் ஆல்பமான 'டவுன் பை த ஜெட்டி'யை ஹெட்ஃபோனில் போட்டால் எல்லாச் சத்தமும் நடுமண்டையில் வந்து நிற்கிறது. கோளாறு பதிவிலா, என் ஹெட்ஃபோனிலா? அவர்களுடைய 'ராக்செட்' பாட்டைத் தேடினால் ஐந்தாறு வடிவங்கள் வருகின்றன, ஒன்றுபோல் ஒன்று இல்லை. எதிலிருந்து தொடங்கி எதுவரை கேட்பது? நான் கிட்டார் வாசிப்பவன். குழுவின் கிட்டாரிஸ்ட் வில்கோ ஜான்சனின் அந்த வெட்டு வெட்டான வாசிப்பைப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து முயன்றால் கொழகொழவென்று வருகிறது. கடைசியாக ஒன்று: பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த சில மாதங்களிலேயே வில்கோவும் குழுவும் ஏன் பிரிந்தார்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் ஹெட்ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. 'டவுன் பை த ஜெட்டி' மோனோ ஆல்பம், அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலிதான். உலகமே ஸ்டீரியோவுக்கு மாறி முடித்திருந்த 1975 ஜனவரியில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அதை மோனோவில்தான் வெளியிட்டது. தயாரிப்பாளர் விக் மெய்ல் மேடைச் சத்தத்தைப் பிடிப்பதில் கைதேர்ந்தவர். த ஹூ என்ற ராக் குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' மேடைப் பதிவில் வேலை செய்தவர்; பின்னால் மோட்டர்ஹெட் குழுவின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' ஆல்பத்தையும் தயாரித்தார். வேல்ஸில் உள்ள ராக்ஃபீல்ட் ஸ்டூடியோவில் நால்வரும் சேர்ந்து வாசித்ததை, மேலே அதிகம் பூசாமல் அப்படியே பிடித்தார்கள். குழுவில் இருப்பது ஒரே ஒரு கிட்டார். அதை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் வைக்க ஒன்றும் இல்லை. 2006-இல் வந்த இரட்டைக் குறுந்தகட்டில் ஸ்டீரியோ வடிவமும் உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் கருவிகள் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆனால் அடியின் வலு மெலிந்துவிடுகிறது. மோனோவை ஹெட்ஃபோனில் கேட்பதைவிட அறையில் ஒரு ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்பதே சரி.

நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் விடை அந்த ஒற்றைக் கிட்டாரில்தான் இருக்கிறது.

குழு பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். அவர்களுடைய ஊரான கேன்வி தீவு லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டிகளும் கடற்சுவரும் சூழ்ந்த தாழ்ந்த நிலம். 1953 வெள்ளத்தில் அங்கே 58 பேர் இறந்தார்கள். 1971-இல் அங்கிருந்து கிளம்பிய நால்வர்: பாட்டும் ஹார்மோனிகாவும் லீ பிரில்லோ, கிட்டார் வில்கோ, பேஸ் கிட்டார் ஜான் பி. ஸ்பார்க்ஸ், டிரம்ஸ் ஜான் மார்ட்டின். மார்ட்டினை எல்லோரும் 'பிக் ஃபிகர்' என்றுதான் கூப்பிட்டார்கள். குழுவின் பெயர் வில்லி பெர்ரிமேன் என்ற அமெரிக்கப் பியானோக்காரரின் 1962 பாடலிலிருந்து வந்தது. அந்தப் பாடலை இங்கிலாந்தில் பாடியவர்கள் ஜானி கிட் அண்ட் த பைரட்ஸ். பைரட்ஸின் கிட்டாரிஸ்ட் மிக் கிரீன் தாளத்தையும் ரிஃபையும் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) ஒரே கிட்டாரில் சேர்த்து வாசித்தவர். வில்கோ தன் பாணியை எடுத்தது அவரிடமிருந்துதான்.

இனி உங்கள் கொழகொழப்புக்கு வருகிறேன். வில்கோ பிக் இல்லாமல் வாசித்தார் என்பது உண்மை. ஆனால் உங்கள் சிக்கல் பெரும்பாலும் பிக்கில் இல்லை, இடக்கையில் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் ஏ7 பார் கார்டைப் பிடியுங்கள். அடித்த உடனே அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். விரல்கள் கம்பியை விட்டு எழும்பக் கூடாது, எழும்பினால் திறந்த கம்பிகள் ஒலித்துவிடும். ஒரே விரல் மட்டும் கம்பியைத் தொட்டிருந்தால் 5, 7, 12-ஆம் கட்டங்களில் மணி அடித்ததுபோல ஹார்மோனிக் கிளம்பும். அதனால் குறைந்தது இரண்டு விரல்களாவது கம்பியின் மேல் படுத்திருக்க வேண்டும்.

வலக்கை நிற்கவே கூடாது. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் எட்டு அடி, கீழே நான்கு, மேலே நான்கு. கீழே போகும்போது விரல்களை லேசாக மடக்கி, நகங்களின் முதுகால் தட்டுங்கள். மேலே வரும்போது ஆள்காட்டி விரல் நுனி போதும். எட்டு அடிகளும் மியூட்டாகவே, அதாவது சுரம் ஒலிக்காத வெறும் தட்டாகவே ஓடட்டும். 2-ஆம், 4-ஆம் எண்ணிக்கையில் மட்டும் இடக்கை ஒரு கணம் அழுத்தட்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 90-இல் வைத்துத் தொடங்குங்கள். கை இறுகாமல் மூன்று நிமிடம் ஓட்ட முடிந்தால் ஐந்து கூட்டுங்கள். தோள் வலித்தால் முழங்கையிலிருந்து அடிக்கிறீர்கள் என்று அர்த்தம், அசைய வேண்டியது மணிக்கட்டு. முதல் வாரம் நாளுக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், நகக்கண் கிழிந்துவிடும். 9 கேஜ் என்ற மெல்லிய கம்பி போட்டிருந்தால் இந்த அடிக்குச் சுருதி விலகும், 10-க்கு மாறுங்கள்.

ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கெய்னைக் குறையுங்கள்; ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் திருகு அது. கெய்ன் ஏற ஏறச் சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மியூட் அடி கார்டுக்குச் சமமாகக் கேட்டால் அங்கே வெட்டு ஏது? வில்கோ அந்தக் காலத்தில் டெலிகாஸ்டர் கிட்டாரை எச்எச் நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் மாட்டி வாசித்தார். சுத்தமான, கூரான சத்தம் அது. பிரிட்ஜ் பிக்கப், ட்ரெபிள் தூக்கலாக, அடிக்குரல் திருகு பாதிக்குக் கீழே.

'ஷி டஸ் இட் ரைட்' பாட்டைப் போட்டு, கிட்டார் ஒலிப்பதை விட்டுவிட்டு அது நிற்கும் இடங்களை மட்டும் கேளுங்கள். கார்டு வெட்டுப்பட்ட இடத்தில் பேஸும் டிரம்ஸும் வெளியே தெரியும், அடுத்த வெட்டு வந்து அந்த இடைவெளியை மூடும். கிட்டார் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் 'ராக்செட்'டில் ஹார்மோனிகா முன்னே வந்து பேசுகிறது. இன்னொரு கிட்டாரிஸ்ட் இருந்திருந்தால் இந்த இடைவெளியை அவர் அடைத்திருப்பார், குழுவும் நூறோடு நூற்றொன்றாகியிருக்கும்.

முதல் ஆல்பம் விற்பனைப் பட்டியலைத் தொடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'மால்பிராக்டிஸ்' 17-ஆம் இடம் வரை போனது. 'பேக் இன் த நைட்' அதில்தான் இருக்கிறது, ஸ்லைட் கிட்டார் பிரில்லோவுடையது. 1976 செப்டம்பரில் 'ஸ்டுபிடிட்டி' வந்தது. முதல் பக்கம் ஷெஃபீல்டிலும் இரண்டாம் பக்கம் சவுத்எண்டிலும் 1975-இல் மேடையில் பிடித்தவை. பெரிய ஹிட் சிங்கிள் ஒன்றுகூட இல்லாத குழுவின் லைவ் ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. பப்பிலும் ஹாலிலும் நேரில் பார்த்தவர்கள் வாங்கினார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. (அதே ஆண்டு ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டதும் பிரில்லோ கடன் கொடுத்த 400 பவுண்டில்தான்.)

பிரிவுக்கான காரணமும் அந்த வெற்றிக்குள்ளேயே இருந்தது. சொந்தப் பாடல்கள் ஏறக்குறைய எல்லாம் வில்கோ எழுதியவை. 1975-இல் மட்டும் இரண்டு ஆல்பங்கள். பிறகு அமெரிக்கப் பயணம் வரை ஓயாத மேடை. லைவ் ஆல்பம் எழுதும் வேலையை ஓராண்டு தள்ளிப்போட்டது, அவ்வளவே. முதலிடம் பிடித்த குழுவின் அடுத்த ஆல்பத்துக்கான பாடல்கள் ஒரே ஆளிடமிருந்து வர வேண்டியிருந்தது. மற்ற மூவரும் குடித்துக் கலகலப்பாக இருப்பவர்கள், வில்கோ குடிக்காமல் அறைக்குள் இருப்பவர்; அந்த விரிசல் ஏற்கெனவே உண்டு. 1977 தொடக்கத்தில் 'ஸ்னீக்கின் சஸ்பிஷன்' பதிவின்போது, கேன்விக்காரரான லூ லூயிஸ் எழுதிய 'லக்கி செவன்' பாட்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சண்டை முற்றியது. வில்கோ வேண்டாம் என்றார். நீக்கிவிட்டார்கள் என்பது வில்கோவின் தரப்பு, அவராகவே போனார் என்பது மற்றவர்கள் தரப்பு. பாட்டு ஆல்பத்தில் இருக்கிறது. ஆல்பம் 10-ஆம் இடம் வரை போனது.

அத்தோடு குழு முடிந்தது என்று பலரும் எழுதுவது அநியாயம். அடுத்து வந்த ஜிப்பி மேயோ வில்கோவை நகலெடுக்கவில்லை. அவர் கார்டை நீளமாக ஒலிக்க விடுபவர், சோலோவில் தேர்ந்தவர். 1978-இன் 'பிரைவேட் பிராக்டிஸ்' கேளுங்கள். அதில் பாடகர் நிக் லோவும் மேயோவும் எழுதிய 'மில்க் அண்ட் ஆல்கஹால்' 1979-இல் 9-ஆம் இடம் பிடித்தது, குழுவின் மிகப் பெரிய சிங்கிள் அதுதான். மேயோ 1981-இல் விலகினார். அடுத்த ஆண்டு ஸ்பார்க்ஸும் பிக் ஃபிகரும் போனார்கள். பிறகு பிரில்லோ புதிய ஆட்களோடு ஓயாமல் வாசித்தார். அந்த ஆண்டுகளின் ஸ்டூடியோ ஆல்பங்களை அவசரமாகத் தேட வேண்டியதில்லை. புற்றுநோயோடு 1994 ஜனவரியில் கேன்வியிலேயே அவர் பாடிய 'டவுன் அட் த டாக்டர்ஸ்' லைவ் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஏப்ரலில், 41 வயதில் இறந்தார்.

உங்கள் 'ராக்செட்' குழப்பமும் இதனால் வந்ததுதான். ஒரே பெயரில் வெவ்வேறு கிட்டாரிஸ்டுகள். பதிவின் ஆண்டைப் பாருங்கள்: 1977 தொடக்கம் வரை வில்கோ, 1981 வரை மேயோ, 'லைவ் இன் லண்டன்' (1990) என்றால் ஸ்டீவ் வால்வின். தொகுப்பு ஆல்பங்களில் தொடங்கினால் எல்லாம் கலந்துவிடும். 'டவுன் பை த ஜெட்டி', 'ஸ்டுபிடிட்டி', 'மால்பிராக்டிஸ்', 'பிரைவேட் பிராக்டிஸ்' என்ற வரிசையில் போங்கள். மொத்தமாக வேண்டுமென்றால் வில்கோ காலத்துக்கு 'ஆல் த்ரூ த சிட்டி' (2012), மேயோ காலத்துக்கு 'டேக்கிங் நோ பிரிசனர்ஸ்' (2013) என்று இரண்டு பெட்டித் தொகுப்புகள் உண்டு.

கிட்டார் பயிற்சிக்கு 'கோயிங் பேக் ஹோம்' ஒன்று போதும். வில்கோவும் மிக் கிரீனும் சேர்ந்து எழுதியது. 'மால்பிராக்டிஸ்' வடிவம், 'ஸ்டுபிடிட்டி' வடிவம், பிறகு த ஹூ பாடகர் ரோஜர் டால்ட்ரியோடு வில்கோ வாசித்து 2014-இல் வந்த வடிவம், மூன்றையும் ஒரே உட்காரலில் கேளுங்கள். கடைசி வடிவம், வில்கோவுக்குக் கணையப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் நாள் குறித்திருந்த நிலையில் பதிவானது. அந்த ஆண்டே அறுவை சிகிச்சையில் பிழைத்து 2022 வரை இருந்தார். பாடும் குரல் மாறியிருக்கிறது, பேஸும் டிரம்ஸும் வேறு ஆட்கள். வலக்கை மட்டும் அதே இடத்தில் வெட்டுகிறது.