அந்தப் பிள்ளை ஆதாரம் கேட்கிறாள்

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெண்கள் மதரஸா ஒன்றில் ஆலிமா (மார்க்க அறிஞர்) பட்டத்துக்குப் படிக்கும் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஆண் பெண் சமத்துவம் பற்றிக் கொஞ்சம் பேசினேன். பிள்ளைகள் முகமே மாறிவிட்டது. “அது வெள்ளைக்காரன் பேச்சு, நம்ம மார்க்கத்துல இல்ல” என்றாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தி. அப்புறம் மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் யாருக்குச் சொந்தம், பெண் வீட்டில் கைக்கூலி (வரதட்சணை) வாங்குவது கூடுமா என்று பேச்சு திரும்பியதும் அதே பிள்ளைகள் மணியடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் புரியவில்லை அக்கா, ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தங்கைக்கு, வ அலைக்கும் ஸலாம்.

அந்தப் பிள்ளையின் பதிலிலேயே விஷயம் இருக்கிறது. எதற்கும் ஆதாரம் என்ன என்று கேட்கப் பழகியவள், நீங்கள் சொல்லை மட்டும் கொண்டுபோய் வைத்தால் அப்படித்தான் சொல்வாள், அது நல்ல பழக்கம்தான். மஹருக்கு ஆதாரம் அவள் கையிலேயே இருந்தது. பேசினாள்.

ஆதாரத்தோடு பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே தங்கிப் படிக்கும் மதரஸாவுக்குப் பெஸந்திரன் என்று பெயர். கியாய் என்கிற ஆசிரியர் கிதாபை (அரபு மார்க்க நூலை) வாசித்துக்கொண்டே போவார், மாணவர்கள் வரிக்குக் கீழே அரபு எழுத்தில் ஜாவா மொழி அர்த்தத்தை எழுதிக்கொள்வார்கள், நம் பெரியவர்கள் தமிழை அரபு எழுத்தில் அரபுத்தமிழாக எழுதியது போல. நடுவில் கேள்வி கேட்கும் வழக்கம் குறைவு. கணவன் மனைவி கடமைகளுக்காக அங்கே பரவலாக ஓதப்பட்டது, 19ஆம் நூற்றாண்டில் நவவி அல்பந்தனி எழுதிய ‘உகூதுல் லுஜைன்’. மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்பது அதில் பக்கம் பக்கமாக வரும். முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிதின் மனைவி சின்தா நூரிய்யா ஒரு குழுவைக் கூட்டி அந்தக் கிதாபில் வரும் ஹதீஸ்களை, அதாவது நபிமொழிகளை, ஒவ்வொன்றாகச் சோதித்தார். பலவீனமானவையும் இட்டுக்கட்டப்பட்டவையும் நிறைய இருப்பதை ஹதீஸ் கலையின் அளவுகோலை வைத்தே காட்டி, 2001இல் நூலாகவும் போட்டார்கள். இதைப் பார்த்து ‘வெள்ளைக்காரன் பேச்சு’ என்று எந்த மாணவி சொல்ல முடியும்?

2017 ஏப்ரலில் அந்த நாட்டின் சிரெபோனில், ஞாய் (பெண் ஆசிரியருக்கான மரியாதைப் பெயர்) மஸ்ரிய்யா அம்வா என்ற பெண்மணி நடத்தும் பெஸந்திரனிலேயே பெண் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) மாநாடு கூடி, சிறுவர் திருமணத்துக்கும் பாலியல் வன்முறைக்கும் எதிராகக் கருத்துச் சொன்னது. 2019இல் அந்த நாட்டுச் சட்டத்தில் பெண்ணின் திருமண வயது 16இலிருந்து 19 ஆனது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் இவர்களும் உண்டு.

சரி, உங்கள் வகுப்புக்கு வருவோம். சமத்துவம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் எடுக்கவே வேண்டாம். நபியவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவரிடம் போய், குர்ஆனில் ஆண்களைச் சொல்வது போல எங்களை ஏன் சொல்வதில்லை என்று கேட்ட ஹதீஸை எடுங்கள். நபியின் வீட்டிலேயே ஒரு பெண் இப்படிக் கேட்டிருக்கிறார், யாரும் அவரை அதட்டவில்லை, பதிலாகக் குர்ஆன் ஆயத்தே (வசனமே) இறங்கியது என்பது பதினேழு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தைரியம்! கணவனுக்கு மனைவி மேல் உள்ள அதிகாரம் பற்றிப் பேசும் குர்ஆனின் நிஸா அத்தியாயம் 34ஆம் வசனத்தைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள், மழுப்பாதீர்கள். நாலைந்து தஃப்ஸீரை (குர்ஆன் விளக்கவுரையை) விரித்து வைத்து, அவற்றை எழுதிய முஃபஸ்ஸிர்கள் எங்கெங்கே வேறுபடுகிறார்கள் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், அவர்களிடம்தான் கேள்வி அதிகம் இருக்கும்.

உம்மு ஸலமாவின் கேள்விக்குப் பதிலாக வந்தது அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆம் வசனம். ‘முஸ்லிமான ஆண்களும் முஸ்லிமான பெண்களும்’ என்று தொடங்கி எத்தனை ஜோடி வருகிறது என்று பிள்ளைகளையே விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். பத்து வரும். எண்ணி முடித்ததும் அந்த நன்றாகப் படிக்கிற பிள்ளை என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.